காலம் கொடாமல் கட்டுரை கேட்பதா?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நாம் பள்ளித் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தோம். இளமையில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்து ஸலாம் உரைத்தார். மாலை வகுப்பில் நம்மிடம் அரபு இலக்கணம் பயின்றவர். இன்று ஒரு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். நலம் விசாரித்து முடிந்ததும் தம் கைப்பேசியை நம்முன் நீட்டினார். 'பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே' என்று தொடங்கும் ஒரு மடல் அதில் இருந்தது. அவர் எழுதாத ஒரு கட்டுரையை அவர் பெயராலேயே ஓர் உலக மருத்துவ ஏட்டில் ஏழே நாளில் வெளியிட்டுத் தருவதாக அம்மடல் வாக்களித்தது. அடியில் விலைப்பட்டியல். முதல் பெயராக வருவதற்கு ஒரு தொகை. இரண்டாம் பெயராக வருவதற்கு அதனினும் சற்றுக் குறைந்த தொகை.

"ஹஜ்ரத், இதை வாங்குவது ஹராம்தானே?" என்று கேட்டார்.

"இதில் ஐயமென்ன தம்பி? செய்யாத ஆய்வைச் செய்ததாகச் சொல்வது பொய், அதை நம்பி இன்னொரு மருத்துவர் நோயாளிக்கு மருந்து கொடுத்தால் அது பொய்ச் சாட்சியினும் கொடிது" என்றோம்.

"அறிவேன் ஹஜ்ரத். நான் வாங்கப்போவதில்லை. ஆனால் வாங்கியவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார். எனக்கு மூன்றாண்டாகப் பதவி உயர்வு நிற்கிறது" என்றார் அவர்.

"நீரே ஓர் ஆய்வு செய்து எழுதலாகாதா?" என்று கேட்டோம். அவர் முகம் மலர்ந்தது. தம் நெஞ்சில் நெடுநாளாக ஒரு கேள்வி கிடக்கிறது என்றார். நீரிழிவு கண்ட நம் பெண்கள் ரமலானில் சஹருக்குச் சோறுண்டு, பகலெல்லாம் அடுப்படியில் நின்று, மாலையில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் சிலர் மயங்கி விழுகிறார்கள். எவருக்கு எந்த மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது? கஞ்சி குடித்தபின் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது? எவர் நோன்பிருக்கலாம், எவர் இருக்கலாகாது? இதனை நம் ஊர் மக்களிடத்திலேயே முறையாக அளந்து பார்க்க வேண்டுமென்பது அவர் விருப்பம்.

"பின் ஏன் செய்யவில்லை?" என்றோம். அவர் தம் நாளை விவரித்தார். காலை எட்டு மணிக்குப் புறநோயாளர் பிரிவு. நூற்றுக்கு மேற்பட்டோர் வரிசையில் நிற்பர். பின்னர் உள்நோயாளர் பார்வை. பிற்பகலில் மாணவர்க்கு வகுப்பு. இடையில் தேர்வுத் தாள், வருகைப் பதிவேடு, ஆய்வாளர் வரும் நாளில் அதற்கான கோப்பு. வாரத்தில் ஓர் இரவுக் கடமை. மாலையில் வீட்டுக்கடன் தீர்க்க ஒரு சிறு மருத்துவ அறை. "ரமலான் முப்பது நாளும் நூறு வீடுகளுக்குச் சென்று சர்க்கரை அளக்க எனக்கு ஆளுமில்லை, நாளுமில்லை, நாலு காசுமில்லை ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்றிலிருந்து இவ்விஷயம் நம் மனத்தை அறுக்கிறது. ஆதலால் எழுதுகிறோம். மருத்துவக் கல்லூரி ஆசிரியரின் ஆராய்ச்சி பற்றி ஒரு மத்ரஸா ஆசிரியருக்கு என்ன கவலை என்று கேட்பீர்கள். கவலை உண்டு. நோயாளி நோன்பிருக்கலாமா என்று நம்மிடம் வந்து கேட்கிறார்கள். நம்பத்தகுந்த மருத்துவரின் சொல்லைக் கேட்டு நடக்கும்படி நாம் சொல்லியனுப்புகிறோம். நம் ஃபிக்ஹு நூல்களும் அவ்வாறே வழிகாட்டுகின்றன. நாம் மருத்துவரைக் கேட்கச் சொல்கிறோம். அம்மருத்துவர் எதனைக் கேட்டுச் சொல்வார்? அவருக்கு விடை தரவேண்டிய ஆராய்ச்சியை எவரும் செய்யாவிடில், அவர் சொல்லும் ஊகம், அதன்மேல் நாம் சொல்லும் தீர்ப்பும் ஊகம்.

எண்ணிக்கை என்னும் மாயை

இனி, இந்தக் கட்டுரைச் சந்தை எவ்வாறு முளைத்தது என்று பார்ப்போம். மருத்துவ ஆசிரியர்கள் எல்லாரும் பொய்யர்களா? இல்லை. பொய்யை விளைவிக்கும் நிலத்தை உழுது பண்படுத்தியவர்கள் விதி வகுத்தவர்களே என்பது நம் கருத்து.

இந்திய மருத்துவக் குழு 2009-ஆம் ஆண்டில் ஆசிரியர் தகுதி விதிகளைத் திருத்திப் பதவி உயர்வுக்கு ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கட்டாயமாக்கியது. இணைப் பேராசிரியராக இரண்டு; பேராசிரியராக நான்கு. நோக்கம் நன்று. மருத்துவம் கற்பிப்போர் ஆராய்ந்தறியவும் வேண்டும் என்பதை யார் மறுப்பர்? ஆனால் அந்த இரண்டையும் நான்கையும் எழுதுவதற்கு வேண்டிய காலத்தையோ, பொருளையோ, வழிகாட்டும் மூத்தோரையோ எல்லாக் கல்லூரிகளிலும் ஏற்படுத்தித் தந்தபின்னரா அவ்விதி வந்தது? இல்லை. வித்தும் நீரும் கொடாமல் விளைச்சலில் பங்கு கேட்ட கதையாயிற்று.

விளைவு உடனே தெரிந்தது. கட்டுரை விற்கும் ஏடுகள் காளான்களாய் முளைத்தன. விதி வகுத்தோர் விழித்துக்கொண்டு 2015-இல் மற்றோர் ஓலை விடுத்தனர். முதலிரு பெயர்களுக்கே மதிப்பு. மின்னிதழில் வந்தவை செல்லா. இன்னின்ன அட்டவணைகளில் இடம்பெற்ற ஏடுகளே செல்லும். அந்த அட்டவணைகளுள் ஒன்றிலேயே தரமற்ற ஏடுகள் மலிந்து கிடப்பதை மருத்துவ ஏடுகளின் ஆசிரியர்கள் எடுத்துக்காட்ட வேண்டியதாயிற்று. 2020-இல் மீண்டும் மாற்றினர். இம்முறை முதல் மூன்று பெயர்கள் செல்லும் என்றனர். அதே ஆண்டில் பழைய குழு போய்த் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. 2022-இல் அதுவும் புதிய விதிகளை வெளியிட்டது. ஒவ்வொரு திருத்தத்திலும் எந்தப் பெயர், எந்த ஏடு, எத்தனை என்பதே பேச்சு. ஆசிரியருக்கு எத்தனை மணி நேரம் என்ற பேச்சு எங்கே?

இந்தச் சந்தை சிறியதென்று எண்ணவேண்டா. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பதிப்பு நிறுவனம், முறையாகத் தரம் பாராமலே கட்டுரைகளை வெளியிட்டு ஆசிரியர்களை ஏமாற்றியதற்காக 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த வேண்டுமென்று அமெரிக்க நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது.

மறுபுறம் உண்மை நிலை என்ன? புகழ்பெற்ற அறுவை மருத்துவர் சமீரன் நந்தியும் அவர்தம் துணைவரும் 2016-இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டனர். 2005 முதல் 2014 வரை பத்தாண்டுகளில் நாட்டின் 579 மருத்துவக் கல்வி நிலையங்களின் ஆராய்ச்சி விளைவை அவர்கள் எண்ணிப் பார்த்தனர். அவற்றுள் 332 நிலையங்களிலிருந்து ஒரு கட்டுரைகூட வரவில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கு மேல் வெளியிட்டவை 25 மட்டுமே. அந்த இருபத்தைந்தும் சேர்ந்து மொத்த விளைவில் நூற்றுக்கு நாற்பதை ஈந்தன. கட்டாய விதி 2009-இல் வந்தது என்பதை நினைவிற்கொண்டு இக்கணக்கைப் படியுங்கள். ஆணை பிறப்பித்துப் பாதி காலம் ஓடியும் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

எண்ணினார்களா, எடைபோட்டார்களா?

நம் மத்ரஸாக்களில் ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இந்நிலை புதிதன்று. பொய்யான அறிவிப்புகள் பெருகிய ஒரு காலம் நம் வரலாற்றிலும் இருந்தது. தம் கட்சிக்காகவும், கூட்டத்தைக் கவர்வதற்காகவும் மவ்ளூஃ ஹதீஸ்களைக் கட்டிவிட்டவர் உண்டு. அப்போது முஹத்திஸ்கள் என்ன செய்தனர்? அதிகமாக அறிவிப்பவருக்கு உயர்ந்த இடம் என்று விதி செய்தார்களா? அவ்வாறு செய்திருந்தால் பொய் பத்து மடங்காகியிருக்கும். அறிவிப்பாளர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவரைச் சந்தித்தது உண்மையா, நினைவாற்றல் எத்தகையது, நடத்தை எத்தகையது என்று ஒவ்வொருவரையும் துருவித் துருவி ஆராய்ந்தனர். அதற்கென ஜர்ஹு வதஃதீல் என்னும் ஒரு கலையே எழுந்தது. இலட்சக்கணக்கில் கேட்டறிந்த இமாம் புகாரி அவர்கள் சில ஆயிரங்களையே தம் தொகுப்பில் ஏற்றார்கள். அவர்கள் எண்ணவில்லை; எடைபோட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரே ஹதீஸைத் தேடி ஒரு மாதத் தொலைவு பயணம் செய்தவர்களின் வரலாறுகளை நாம் மாணவர்க்குச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்தப் பயணத்திற்கு ஒரு மாத காலம் அவர்களிடம் இருந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அறிவைத் தேடுவோன் கையில் காலம் இருக்கவேண்டும். எடைபோடத் தெரியாதவன் எண்ணுகிறான். காலம் கொடுக்க மனமில்லாதவன் கட்டளையிடுகிறான். நம் மருத்துவக் கல்வியில் இரண்டும் ஒருங்கே நடக்கின்றன.

மறுப்புகளும் விடைகளும்

சிலர் சொல்வர்: "மாலையில் சொந்த மருத்துவ அறை நடத்த நேரமிருக்கிறதே, ஆராய்ச்சிக்கு மட்டும் நேரமில்லையா?" இதைச் சொல்பவர் அந்த ஆசிரியரின் கடன் பத்திரத்தைப் பார்த்தவரல்லர். எனினும் கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. ஆதலால் விடை கூறுவோம். மருத்துவ ஆசிரியன் தன் பிழைப்புக்காக நோயாளியின் கட்டணத்தை எதிர்பார்க்கும் வரையில் அவன் மனம் ஆய்வில் ஊன்றாது என்பதை அமெரிக்கர் நூறாண்டுக்கு முன்பே கண்டனர். 1913-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரிக்கு ராக்பெல்லர் செல்வத்தால் நிறுவப்பெற்ற பொதுக் கல்வி வாரியம் 15 இலட்சம் டாலர் வழங்கியது. எதற்கு? கட்டடத்திற்கன்று. மருத்துவப் பேராசிரியர்கள் சொந்தத் தொழிலை விட்டுக் கற்பித்தலிலும் ஆய்விலும் முழுநேரமும் ஈடுபட ஊதியம் கொடுப்பதற்கு.

அந்நாட்டிலும் நோய் மீண்டும் தலைகாட்டியது. மருத்துவரே ஆராய்ச்சியாளராகவும் விளங்கும் இனம் அழிந்துவரும் இனமாகிவிட்டதென 1979-இல் வைங்கார்டன் என்னும் மருத்துவ அறிஞர் எச்சரித்தார். அவரே பின்னர் அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்களின் தலைவராக அமர்ந்தார். அந்நிறுவனங்கள் இளம் மருத்துவ ஆசிரியர்க்குத் தரும் வளர்ச்சி உதவிகளின் அமைப்பைப் பாருங்கள். மூன்று முதல் ஐந்தாண்டு வரை ஊதியத்தில் பங்கு. ஆய்வுச் செலவுக்குத் தொகை. பெயர் குறிப்பிட்ட ஒரு மூத்த வழிகாட்டி. பொதுவாக, உதவி பெறுபவர் தம் உழைப்பு நேரத்தில் நூற்றுக்கு 75 பங்கினை ஆராய்ச்சிக்கே ஒதுக்க வேண்டும். அதற்குக் கல்லூரி உடன்பட்டுக் கையொப்பமிட வேண்டும். பணத்தைக் கொடுத்துவிட்டு நேரத்தைப் பிடுங்கிக்கொள்ள முடியாதபடி அங்கே ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். 2025-இல் அந்நாட்டு அரசே நடந்துகொண்டிருந்த ஆய்வு உதவிகள் பலவற்றை இடையிலேயே வெட்டியதையும் கண்டோம். அமெரிக்கா நமக்குக் கிப்லா அன்று. நல்ல முறை எங்கிருப்பினும் எடுத்துக்கொள்வோம் என்பதே நம் வழக்கு.

வேறு சிலர் சொல்வர்: "ஏழை நாட்டிற்கு ஆராய்ச்சி எதற்கு? முதலில் நோயாளியைப் பார்க்கட்டும்." இதுவே எல்லா வாதங்களிலும் ஆபத்தானது, தருமத்தின் முகமூடி அணிந்து வருவதால் ஆபத்தானது. இதற்கு விடை தேட நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. சென்னைச் சேத்துப்பட்டுக்குப் போனால் போதும். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து அங்கே காசநோய் மருந்தாய்வு மையத்தை நிறுவின. அக்காலத்தில் காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல காற்றும் நல்லுணவும் தந்தாலன்றிப் பிழைக்கான் என்பது மருத்துவ உலகின் நம்பிக்கை. சென்னை நகரின் வறியவர்கள் 193 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினரைச் சானடோரியத்திலும் மறு கூறினரைத் தத்தம் குடிசையிலும் வைத்து, இரு சாரார்க்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். குடிசையில் இருந்தோர், நெருக்கடியும் பற்றாக்குறை உணவும் இருந்தும், சானடோரியத்தில் இருந்தோர்க்கு ஏறத்தாழ இணையாகவே குணமடைந்தனர். 1959-இல் இம்முடிவு வெளியானது. காசநோயாளி வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்ற முறைக்கு அது உலகெங்கும் வழி திறந்தது.

கட்டில் கிடைக்காமல் வாசலில் செத்துக்கொண்டிருந்த எத்தனை இலட்சம் ஏழைகளுக்கு அந்த ஓர் ஆய்வு உயிர் கொடுத்தது! ஏழைக்கு ஆராய்ச்சி வேண்டாமென்பவர் இதற்கு என்ன சொல்வார்? இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆய்வைப் புறநோயாளர் வரிசையின் இடைவேளையில் யாரும் எழுதிவிடவில்லை. அதற்கென ஒரு மையம், அதற்கென மருத்துவர், வீடு வீடாய்ச் செல்லும் செவிலியர், பரிசோதனைக்கூடம், பொருள், ஆண்டுக்கணக்கான காலம் எல்லாம் கொடுக்கப்பட்டன. கொடுத்தார்கள், பெற்றார்கள்.

மூன்றாம் சாரார் சொல்வர்: "இன்று உதவிகள் பல இருக்கின்றனவே!" உண்மை, இருப்பதை இல்லையென்று சொல்லமாட்டோம். 1911-இல் தோன்றிய இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கமே 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாயிற்று. அது கல்லூரி ஆசிரியர்க்கு ஆய்வு நிதி வழங்குகிறது. 2008-இல் இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பு, மருத்துவர்க்கும் ஊதியத்துடன் கூடிய ஆய்வு உதவிகளை வழங்கிவந்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் பல்துறை ஆராய்ச்சிப் பிரிவுகள் அமைக்கும் திட்டம் 2013-இல் வந்தது. ஆராய்ச்சி முறைகளைக் கற்பிக்கும் அடிப்படைப் பாடம் ஒன்றைச் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்துகிறது; மருத்துவ ஆசிரியர்கள் அதனைக் கட்டாயம் முடிக்க வேண்டும். எல்லாம் நல்லவையே. ஆயின் முழுநேர உதவிகள் இந்நாட்டு மருத்துவ ஆசிரியர் தொகைக்கு முன்னே கடலிற் கரைத்த பெருங்காயம். கருவியை வாங்கி அறையில் வைத்தாயிற்று. அதன்முன் அமரவேண்டிய மனிதர் புறநோயாளர் பிரிவில் நிற்கிறார். ஆராய்வது எவ்வாறு என்று பாடம் நடத்தியாயிற்று. ஆராய நேரம் கொடுக்கவில்லை. உளூச் செய்யக் கற்பித்துவிட்டுத் தண்ணீரைப் பூட்டி வைத்தால் தொழுகை எவ்வாறு நிறைவேறும்?

இதற்கிடையே கல்லூரிகளோ பெருகிக்கொண்டே போகின்றன. அரசின் கணக்குப்படி 2014-க்கு முன் 387 ஆக இருந்த மருத்துவக் கல்லூரிகள் 2024-25-இல் 780 ஆயின. ஆசிரியர் எங்கே? 2025-இல் புதிய விதிகள் வந்தன. 220 கட்டில்களுக்கு மேல் உள்ள அரசு மருத்துவமனைகள் போதனை மருத்துவமனைகளாகலாம். அங்கே பத்தாண்டு பணியாற்றிய பட்டமேற்படிப்பு மருத்துவர் இணைப் பேராசிரியராகலாம். அனுபவமிக்க மருத்துவரை வகுப்பறைக்கு அழைப்பதை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஒரு கையால் கட்டுரை எண்ணிப் பழைய ஆசிரியரை நிறுத்திவைத்து, மறு கையால் கதவை அகலத் திறக்கும்போது, ஆராய்ச்சி என்பது நம் ஆட்சியாளர்க்கு உள்ளபடியே வேண்டுமா, அல்லது கோப்பில் நிரப்ப ஒரு கட்டம் மட்டும் வேண்டுமா என்னும் ஐயம் எழாதா?

நம் செல்வர்களிடம் ஒரு வழக்கு

அரசைக் குறைகூறிவிட்டு எழுந்து போவது எளிது. நம் வீட்டு முற்றத்தையும் பார்ப்போம். இந்திய நாடு தன் மொத்த வருவாயில் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது 2020-21-இல் நூற்றுக்கு 0.64 மட்டுமே. 2023-இல் இயற்றிய சட்டத்தின்படி தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை அமைத்து ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் திரட்டுவோம் என்றனர். அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வருமென்று எதிர்பார்த்தனர். தனியார் என்போர் யார்? செல்வம் படைத்த எவரும்தான்; நம் சமுதாயத்துத் தனவந்தர்களும் அவருள் அடங்குவர்.

நம் தனவந்தர்கள் கொடாதவர்கள் அல்லர். பள்ளிவாசல் கட்டுகிறார்கள், திருமண மண்டபம் எழுப்புகிறார்கள், மருத்துவமனைக்குக் கட்டிலும் குளிர்சாதனமும் வழங்குகிறார்கள், ஏழை மாணவனின் மருத்துவப் படிப்புக்குக் கட்டணம் செலுத்துகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி அருள்வானாக! ஆயினும் சளிமொழி பேசாது ஒன்று கேட்கிறோம். தந்தையார் பெயரைச் சலவைக் கல்லில் பொறிக்க முடிந்த இடத்தில் மட்டுமே நம் பணம் ஏன் இறங்குகிறது? படித்து முடித்து ஆசிரியராகிய அந்த மாணவன், ஒரு கேள்வியை மூன்றாண்டு ஆராய விரும்பும்போது, அவன் பக்கம் நாம் திரும்பிப் பார்த்ததுண்டா? கேள்விக்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பதுதானே காரணம்?

நம் முன்னோர் வக்ஃப் இவ்வாறு இருக்கவில்லை. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் திமிஷ்கு நகரைப் பாருங்கள். முஹத்தபுத்தீன் அத்தக்வார் என்னும் தலைமை மருத்துவர், கி.பி. 1230-இல் மறைந்தவர். அவர் தம் வீட்டையே மருத்துவ மத்ரஸாவாக வக்ஃப் செய்தார். அத்துடன் நிற்கவில்லை. நிலபுலன்களையும் எழுதிவைத்து, அவற்றின் வருவாயிலிருந்து அங்கே கற்பிக்கும் ஆசிரியருக்கு ஊதியமும் கற்போர்க்கு உதவியும் கிடைக்க ஏற்பாடு செய்தார். அவரிடம் பயின்ற இப்னு அபீ உஸைபிஆதான் பின்னர் மருத்துவர் வரலாற்றுப் பெருநூலை எழுதி இச்செய்திகளை நமக்கு விட்டுச்சென்றார்.

அதே மரபில் பயின்றவர் இப்னுந் நஃபீஸ். திமிஷ்கிலிருந்து காஹிராவுக்குச் சென்று மருத்துவராய் விளங்கினார். மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹும் போதித்தார். இதயத்தின் வலப்புறக் குருதி இடைச்சுவரின் துளைகள் வழியாக இடப்புறம் செல்கிறது என்று ஜாலீனூஸும் இப்னு ஸீனாவும் கூறியதை மறுத்து, அச்சுவரில் துளையில்லை, குருதி நுரையீரல் வழியாகவே செல்கிறது என்று எழுதினார். ஹார்வி என்னும் ஆங்கிலேயர் 1628-இல் குருதியோட்டம் பற்றி நூல் வெளியிடுவதற்கு முந்நூறாண்டுகளுக்கு மேல் முற்பட்ட செய்தி இது. அவ்வுண்மை நெடுங்காலம் ஏட்டில் உறங்கிக் கிடந்தது. 1924-இல் முஹ்யித்தீன் அத்தத்தாவி என்னும் எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் படியில் அதனைக் கண்டெடுத்தார். ஸுல்தான் கலாவூன் 1284-இல் எழுப்பிய மன்சூரி மருத்துவமனைக்கு இப்னுந் நஃபீஸ் தம் வீட்டையும் நூல்களையும் எழுதிவைத்து 1288-இல் மறைந்தார். மருத்துவன் ஈந்தான், மன்னனும் ஈந்தான், ஆசிரியனுக்குக் காலம் கிடைத்தது, உலகுக்கு உண்மை கிடைத்தது.

பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது நம்மவர்க்கு ஏற்கெனவே கைவந்த கலை. இப்னுந் நஃபீஸின் பெயரைச் சொல்லி மார்தட்டுபவர், இன்றைய இப்னுந் நஃபீஸ் ஒருவர் தம் தெருவிலேயே மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பதை அறியவில்லை என்று சொல்லவே இதைக் குறிப்பிட்டோம். அண்மைக் காலத்திலும் இம்மரபு செத்துவிடவில்லை. டெல்லி ஹகீம் அப்துல் ஹமீது அவர்கள் தம் குடும்ப மருந்து நிறுவனமாகிய ஹம்தர்தை 1948-இல் வக்ஃபாக்கினார்கள். அதன் வருவாயால் எழுந்த கல்வி நிலையங்கள் 1989-இல் ஜாமிஆ ஹம்தர்த் பல்கலைக்கழகமாக மலர்ந்தன. ஒருவர் செய்ததைப் பிறரும் செய்யலாம்.

செய்யத்தக்கவை

விதி வகுப்போர்க்குச் சொல்வது இது. ஆசிரியர் அனைவரும் ஆராய்ச்சியாளராக வேண்டுமென்று ஒரே கோலால் அளக்காதீர்கள். சிறந்த போதகரைப் போதனைக்காக உயர்த்துங்கள். சிறந்த மருத்துவரை மருத்துவத்துக்காக உயர்த்துங்கள். ஆராய விரும்புவோர்க்குத் தனிப் பாதை வகுங்கள். அப்பாதையில் வருவோர்க்கு வாரத்தில் இரண்டு முழு நாளை எழுத்து மூலம் ஒதுக்குங்கள். அந்நாட்களில் அவர் இடத்தில் நோயாளியைப் பார்க்க வேறொருவரை ஊதியம் கொடுத்து நியமியுங்கள். தொடக்கச் செலவுக்குச் சிறு தொகையும், கையைப் பிடித்து நடத்த ஒரு மூத்த ஆய்வாளரையும் கொடுங்கள். பின்னர் அவர் எழுதியதைப் படித்து மதிப்பிடுங்கள், எண்ணி மதிப்பிடாதீர்கள். பட்டமேற்படிப்பு மாணவன் இரவெல்லாம் விழித்துச் செய்த ஆய்வின் மேல் தம் பெயரை முதலில் ஒட்டிக்கொள்ளும் பேராசிரியர்களும் உண்டு. படித்து, கேள்வி கேட்டு மதிப்பிடுமிடத்தில் அத்தகையோர் தாமே வெளிப்படுவர்.

நம் அறக்கட்டளைகளுக்குச் சொல்வது இது. அடுத்த கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டுமுன், ஒரு மருத்துவ ஆசிரியரின் காலத்தை வக்ஃப் செய்யுங்கள். அவருடைய கல்லூரியோடு உடன்படிக்கை எழுதி, வாரத்தில் இரு நாள் அவருக்குப் பதிலாள் ஊதியத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றாண்டு பொறுங்கள். முடிவு உங்களுக்கு உவப்பாக இருக்கவேண்டுமென்று கேட்காதீர்கள்; உண்மையாக இருக்கவேண்டுமென்று மட்டும் கேளுங்கள். இந்துவோ கிறிஸ்தவரோ முஸ்லிமோ, கேள்வி நல்ல கேள்வியாயின் அவருக்குக் கொடுங்கள். நோய் சமயம் பார்ப்பதில்லை. இறந்தபின்னும் நன்மை ஓயாத அறங்களுள் பயன்தரும் கல்வியும் ஒன்றென்பதை மிம்பரில் நின்று நாங்கள் சொல்லிச் சொல்லி உங்களுக்கு மனப்பாடமாகிவிட்டது. அதற்கு இதனினும் பொருத்தமான இடம் நமக்குத் தெரியவில்லை.

நீரிழிவும் நோன்பும் பற்றி ஆய்வே இல்லையென்பதன்று. 2001-இல் இந்தியா உள்ளிட்ட 13 நாடுகளில் 12,000-க்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ரமலானில் சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்து ஆபத்தாகும் நிகழ்ச்சிகள் பன்மடங்கு பெருகுவதை அது காட்டியது. ஆபத்து உண்டு என்பது தெரிந்துவிட்டது. நம் ஊர்ச் சஹர் சோற்றையும், நோன்புக் கஞ்சியையும், நம் பெண்களின் அடுப்படி உழைப்பையும் வைத்து அவ்வாபத்தை எவ்வாறு தவிர்ப்பது என்பதை நம் மருத்துவரே நம் தெருவில் அளந்து சொல்லவேண்டும். கெய்ரோவிலிருந்தோ கராச்சியிலிருந்தோ வந்து எவரும் அதை அளந்து தரப்போவதில்லை.

நம் மாணவர் கேட்ட கேள்விக்கு அன்று பாதி விடைதான் சொன்னோம். கட்டுரையை விலைக்கு வாங்குவது ஹராம், அதில் மாற்றமில்லை. மீதியை இங்கே எழுதுகிறோம். காலத்தைப் பறித்துக்கொண்டு கட்டுரை கேட்பவனும், கையில் பொருளிருந்தும் கண்டும் காணாமல் கடந்து போகிறவனும் அந்தப் பாவத்தில் பங்காளிகளே. அடுத்த ரமலான் வருமுன் அந்த ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு நாளும், வீடு வீடாய்ச் செல்ல ஒரு செவிலியும் கிடைக்க வழிசெய்பவர் யாரேனும் நம் வாசகர்களுள் உண்டாயின், இக்கட்டுரை எழுதிய கூலி நமக்குக் கிடைத்துவிடும்.